பழனி மலைத்தொடரைச் சைக்கிளில் சுற்றி வருவது எப்படி?

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே கிளம்பினால் சின்னார் காடு. அதைக் கடந்து மறையூர், மூணாறு. அங்கிருந்து கிழக்கே திரும்பிப் பூப்பாறை, போடிமெட்டு. இறங்கினால் போடி, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு. பிறகு செம்பட்டி, ஒட்டன்சத்திரம், பழனி, மடத்துக்குளம் வழியாக மறுபடியும் உடுமலை. இந்தச் சுற்று சுமார் 330 கிலோமீட்டர். நடுவில் பழனி மலைத்தொடர் முழுவதும் நிற்கிறது. தண்டாயுதபாணி கோயில் இருக்கும் குன்றை மட்டும் சொல்லவில்லை. கொடைக்கானலைத் தலையில் தாங்கி நிற்கும் பெருமலையைச் சொல்கிறேன்.

திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கியர் சைக்கிள் எடுத்துக் கிளம்புகிறவர்களை இன்று சாதாரணமாகப் பார்க்கலாம். சமதளத்தில் 50, 60 கிலோமீட்டர் பழகிய பிறகு எல்லோருக்கும் மலை மேல் ஆசை வரும். அந்த ஆசைக்கு நம் திருப்பூர் மாவட்டத்தின் வாசலிலேயே கிடைக்கும் பெரிய பதில் இந்தச் சுற்று. இது கடினமான பாதைதான். ஆனால் கடினம் 330 என்ற எண்ணில் இல்லை. எந்த மாதம் போகிறோம், எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம், எந்த வேளையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால், நல்ல பயிற்சியுள்ள எவரும் இதை முடிக்கலாம்.

பாதை எப்படிப் போகிறது

வசதியாகச் செய்ய மூன்று நாள் வேண்டும். முதல் நாள் உடுமலையிலிருந்து மூணாறு, சுமார் 85 கிலோமீட்டர். இரண்டாம் நாள் மூணாறிலிருந்து போடிமெட்டு இறங்கிப் பெரியகுளம், சுமார் 100. மூன்றாம் நாள் பெரியகுளத்திலிருந்து உடுமலை, 145 முதல் 150. முதல் நாள் தூரம் குறைவாகவும் கடைசி நாள் அதிகமாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு: ஏற்றம் எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே முடிந்துவிடும்.

உடுமலை கடல்மட்டத்திலிருந்து 370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்பதாறு சோதனைச்சாவடி வரை வயல், தென்னந்தோப்பு. அதற்குப் பிறகு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதி வனச்சரகம். சின்னாறு ஆற்றுப் பாலத்தில் மாநில எல்லை. அந்தப் பக்கம் கேரளத்தின் சின்னார் வனவிலங்குச் சரணாலயம். பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம் கைகொடுத்து வரவேற்காது, நேரே தொடங்கிவிடும். முள்ளும் புதருமாக இருந்த காடு மெல்ல மாறி, மறையூரை நெருங்கும்போது சாலையோரம் கம்பிவேலிக்குள் சந்தன மரங்கள் தெரியும். மறையூர் சுமார் 1,000 மீட்டர் உயரம். கரும்பு வயல்களும் வெல்லம் காய்ச்சும் ஆலைகளும் உள்ள ஊர். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே லக்கம் அருவி, ராஜமலை என்று ஏறி மூணாறு. வலப்பக்கம் 2,695 மீட்டர் ஆனைமுடி.

மறுநாள் தேவிகுளம் ஏறி கேப் ரோடு. பாறையை வெட்டி அகலப்படுத்திய இந்தச் சாலையிலிருந்து கீழே இறங்கினால் ஆனையிறங்கல் அணை. பூப்பாறை வரை இறக்கம், அங்கிருந்து ஏலத் தோட்டங்கள் வழியாகப் போடிமெட்டுக்கு இன்னொரு ஏற்றம். போடிமெட்டில் தமிழ்நாடு திரும்பவும் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம், அடிவாரத்தில் முந்தல், பிறகு போடி.

மூன்றாம் நாள் மலையின் கிழக்கு ஓரமும் வடக்கு ஓரமும். பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் தூரமும் வெயிலும் லாரிகளும் உண்டு.

ஒரே சுற்றில் மூன்று ஆற்றுப்படுகை

இந்தப் பாதையை அணைகளின் பாதை என்றே சொல்லலாம். ஒவ்வோர் அணையும் மலையின் ஒரு முகத்திலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

முதலில் அமராவதி. 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. 90 அடி, 4 டி.எம்.சி. கொள்ளளவு. இதற்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி நீங்கள் ஏறப்போகும் மறையூர்ப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. கேரளத்து ஆறுகளில் கிழக்கே பாய்பவை மூன்றே மூன்று; அவற்றில் ஒன்றான பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவற்றோடு இந்த அணைக்குள் வந்து சேர்கிறது. இங்கிருந்து கிளம்பும் தண்ணீர் மடத்துக்குளம், தாராபுரம் வழியாகக் கரூர் அருகே காவிரியில் கலக்கிறது.

ராஜமலைப் பக்கம் ஏறி முடிக்கும்போது ஒரு நீர்பிரி மேட்டைத் தாண்டுகிறீர்கள். மூணாறில் விழும் மழை முதிரப்புழையாறு வழியாகப் பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. ஆனையிறங்கல் அணை பிடித்து வைத்திருக்கும் பன்னியாற்றுத் தண்ணீரும் அப்படித்தான். போடிமெட்டு உச்சியைத் தாண்டியதும் மூன்றாவது படுகை. போடியின் கொட்டகுடி ஆறு, பெரியகுளத்துக்கு மேலே சோத்துப்பாறை அணையிலிருந்து வரும் வராக நதி, தேவதானப்பட்டியின் மஞ்சளாறு எல்லாமே வைகைக்குப் போகின்றன.

செம்பட்டியை நெருங்கும்போது ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம். அங்கிருந்து வரும் குடகனாறும், பழனியில் நீங்கள் கடக்கும் சண்முக நதியும் சேருவது அமராவதியில். அதாவது முதல் நாள் விட்டுவந்த காவிரிப் படுகைக்கு மூன்றாம் நாள் மதியம் திரும்பி வந்துவிடுகிறீர்கள். வரைபடத்தில் கோடாகப் பார்த்த இந்தப் பிரிவுகளை முழங்காலில் உணர்வது சைக்கிளில் மட்டுமே முடியும். ராஜமலை, போடிமெட்டு ஏற்றங்களின் உச்சி ஒவ்வொன்றும் ஒரு படுகையின் வரம்பு.

ஏற்றத்தின் கணக்கு

மலையில் கிலோமீட்டர் கணக்கு பொய்த்துவிடும். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ சைக்கிளில் சமதளத்தில் மணிக்கு 28 கிலோமீட்டர் போக எவ்வளவு உழைக்கிறாரோ, ஏறக்குறைய அதே உழைப்பில் 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர்தான் போவார். 8 சதவீதம் என்றால் 100 மீட்டர் முன்னே போவதற்குள் 8 மீட்டர் மேலே ஏறுவது. சமதளத்தில் உழைப்பெல்லாம் காற்றைத் தள்ளுவதில் போகிறது. ஏற்றத்தில் எடையைத் தூக்குவதில் போகிறது. அதனால்தான் முதுகுப்பையில் உள்ள ஒவ்வொரு கிலோவும் மறையூருக்கு மேலே கனக்கிறது.

இந்தச் சுற்றில் மொத்த ஏற்றம் 2,500 மீட்டரைத் தாண்டும். நல்ல செய்தி என்னவென்றால், சின்னாரிலிருந்து மறையூர் வரையிலான ஏற்றத்தின் சராசரி 3 அல்லது 4 சதவீதம்தான். இடையிடையே செங்குத்தான துண்டுகள் வரும். ஆனால் மூச்சு வாங்க இடம் கொடுக்கும் ஏற்றம் இது.

சரியான கியர் இல்லாமல் போகக் கூடாது. முன்னே 34 பல், பின்னே 32 பல் என்று வைத்தால், ஒரு முறை பெடல் சுற்றினால் சைக்கிள் சுமார் 2.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கிலோமீட்டர். இதைப் பேசிக்கொண்டே செய்யலாம். முன்னே 44, பின்னே 18 உள்ள ஒற்றை கியர் சைக்கிளில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 25 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியிலும் உடல் எடை முழுவதும் முழங்காலில் இறங்கும். கால் வலுவாக இருக்கிறது என்று அதில் ஏறுவது முழங்காலுக்குச் செய்யும் துரோகம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

இதற்குப் பதில் காற்றிடம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் காற்று அதன் வழியாகப் பாய்ந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று அடிக்கிறது. குடிமங்கலம், பூளவாடிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். மே கடைசியில் தொடங்கி ஆடியில் உச்சத்துக்குப் போய், செப்டம்பர் வரை இது மேற்கிலிருந்து வரும்.

மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் ஒருவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அந்த வேகத்தைக் காப்பாற்றவே ஏறக்குறைய மூன்று மடங்கு உழைக்க வேண்டும். ஒட்டன்சத்திரத்திலிருந்து உடுமலை வரை மேற்கு நோக்கிய 65 கிலோமீட்டரைக் கடைசி நாள் மதியம், ஆடிக்காற்றுக்கு எதிரே மிதிப்பதை நினைத்துப் பாருங்கள். மூணாறு ஏற்றத்தைவிட அதுவே பெரிய ஏற்றமாகிவிடும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று மென்மையாக, பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். அப்போது உடுமலையிலிருந்து முதலில் தெற்கே போய், கடைசியில் கிழக்கிலிருந்து திரும்பினால் காற்று முதுகில் இருக்கும். மலை எப்போதும் உங்கள் இடப்பக்கம். கோயில் வலம் போல மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அப்படிப் போனால் கடைசி நாள் மாலையில் களைத்துப்போய்ச் சின்னார் காட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கும். இடப்பக்கம் மலையை வைத்துப் போனால் முதல் நாள் காலையிலேயே, உடம்பும் கண்ணும் தெளிவாக இருக்கும்போதே காட்டைக் கடந்துவிடலாம். காற்று, காடு இரண்டுமே ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

எந்த மாதம்

மழையும் நெருப்பும் இந்தச் சுற்றுக்கு இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கின்றன.

சின்னாரில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுதான் மழை. அங்கிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் மேலே மூணாறில் 3,000-ஐத் தாண்டும். அடிவாரம் காய்ந்து கிடப்பதைப் பார்த்து மேலேயும் அப்படித்தான் இருக்கும் என்று கிளம்பக் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பகுதியில் பெட்டிமுடி லயன் வீடுகள் மேல் மலை சரிந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். கேப் ரோட்டிலும் மண்சரிவு புதிதல்ல. ஜூன் முதல் நவம்பர் வரை இந்தச் சுற்றை நினைக்க வேண்டாம்.

மறுபக்கம் கோடை. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணிக் காட்டில் தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் உயிரிழந்தார்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் காடு காயத் தொடங்கும். யானைகளும் தண்ணீர் தேடி அமராவதி அணைக்கு இறங்கும்.

மிஞ்சுவது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. அதிலும் இரண்டு எச்சரிக்கை. டிசம்பர், ஜனவரியில் தேனிப் பக்கம் சபரிமலை வண்டிகள் இரவும் பகலும் ஓடும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் போகும் எல்லாச் சாலைகளிலும் பாதயாத்திரைக் கூட்டம் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் சாலை நடப்பவர்களுக்குத்தான். தைப்பூசம் முடிந்த வாரம் கிளம்புவது எல்லா வகையிலும் நல்லது.

காட்டு வழியில்

ஒன்பதாறு முதல் மறையூர் வரை நாம் விருந்தாளிகள். பகலில் மட்டும் போக வேண்டும். இருட்டிய பிறகு காட்டுச் சாலையில் கட்டுப்பாடு உண்டு. எந்த நேரம் விடுகிறார்கள், சைக்கிளை விடுகிறார்களா என்பதை முதல் நாளே சோதனைச்சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டாம் என்ற இடத்தில் நிறுத்தக் கூடாது; சாலையை விட்டு ஓரடியும் இறங்கக் கூடாது.

சைக்கிளுக்கு என்று தனி ஆபத்து ஒன்று உண்டு. பஸ் வருவது யானைக்கு முன்பே கேட்கும். சைக்கிள் சத்தமில்லாமல் வளைவில் திரும்பி எதிரே நிற்கும். இரண்டு தரப்புக்கும் அதிர்ச்சி. அதனால் குறைந்தது மூன்று நான்கு பேராக, பேசிக்கொண்டே போங்கள். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள். யானை தெரிந்தால் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நின்று, வந்த வழியே பின்வாங்கி, பஸ்ஸோ லாரியோ வரும் வரை காத்திருந்து அதன் பின்னாலேயே கடந்துவிடுங்கள். மணி அடிப்பதும் விளக்கடிப்பதும் வேண்டாம். போன் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். மூணாறு, மறையூர்ப் பக்கம் படையப்பா என்று பேர் வாங்கிய கொம்பன் சாலைக்கே வரும். இரண்டாம் நாள் வழியில் உள்ள சின்னக்கானலில்தான் அரிக்கொம்பன் என்ற யானை 2023 ஏப்ரலில் பிடிபட்டது. தேயிலைத் தோட்டம் வந்துவிட்டால் காடு முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது.

300 கிலோமீட்டரை 20 மணி நேரத்தில் முடிக்கும் பிரெவே பயணங்களை ஆடாக்ஸ் என்ற நெடுந்தூரச் சைக்கிள் அமைப்புகள் நாடு முழுவதும் நடத்துகின்றன. 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறது. இரவெல்லாம் ஓட்டுவது அவற்றின் அழகு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். இரவு இந்தக் காட்டின் சொந்தக்காரர்களுடையது.

இறக்கம்

போடிமெட்டு இறக்கத்தில் காலுக்கு ஓய்வு, கைக்கு வேலை. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கிலும் பிடி தளரும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே முன்பின் இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டு, உள்பக்கத்துப் பெடலை மேலே தூக்கி, வளைவின் அடுத்த முனையைப் பாருங்கள். எதிரே ஏலத் தோட்டத்து ஜீப்புகள் அகலமாகத் திரும்பி வரும். உங்கள் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று விரல்களை உதறிக்கொண்டு இறங்கினால் நல்லது.

உடுப்பும் சாப்பாடும்

துணி விஷயம் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் மலையில் மறந்துவிடுகிறோம். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஏறும்போது அது குளுமையாகத் தோன்றும். ராஜமலையில் காற்று பட்டதும் அதே ஈரம் நடுக்கத்தைக் கொடுக்கும். மெல்லிய பாலியஸ்டர் மெஷ் துணி வியர்வையை வெளியே தள்ளிக் காயவைக்கும். தையலையும் பாருங்கள். ஓவர்லாக் போட்ட தையல் உள்பக்கம் வரம்பு போல மேடாக நிற்கும்; மூன்று நாள் மிதிக்கும்போது தொடையிலும் அக்குளிலும் அந்த மேடுதான் தோலை அறுக்கும். பேட்லாக் அடித்த தையல் தட்டையாகப் படிந்துவிடும். வாங்கும்போது உடுப்பின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தால் இரண்டு நொடியில் தெரியும். ஜனவரிக் காலையில் மூணாறில் உறைபனி விழும். காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் முழுவிரல் கையுறையும் கட்டாயம்.

உடுமலையிலிருந்து மூணாறு ஏற ஆயிரம் கலோரிக்கு மேல் ஏற்றத்துக்கு மட்டுமே செலவாகும். பசிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கு இரண்டு வாழைப்பழம் அல்லது இரண்டு மூன்று கடலை மிட்டாய் என்று தின்றுகொண்டே போங்கள். காட்டுக்குள் கடை கிடையாது. ஒன்பதாறுக்கு முன்பே இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் நிரப்பி, ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் போட்டுக்கொள்ளுங்கள். உடுமலைப் பக்கத்து வேலமுள்ளுக்கு இரண்டு டியூப், ஒரு பம்ப், ஒட்டுப்போடும் சாமான் வேண்டும்.

முதலில் சிறு வளையம்

பெரிய சுற்றுக்கு முன் நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. உடுமலையிலிருந்து தளி வழியாகத் திருமூர்த்தி அணை. சர்க்கார்பதியிலிருந்து மலையோரமாகவே வளைந்து வரும் காண்டூர் கால்வாய் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துத் தண்ணீரை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 3.77 லட்சம் ஏக்கர் பாசனம் இந்த அணையை நம்பி நான்கு மண்டலமாகப் பிரிந்து நடக்கிறது. அங்கிருந்து மலையோரக் கிராமச் சாலைகளில் கிழக்கே வந்து அமராவதி அணை. பிறகு ஆற்றின் போக்கிலேயே கல்லாபுரம், கொழுமம், குமரலிங்கம் நெல் வயல்கள் வழியாக மடத்துக்குளம், உடுமலை. சுமார் 80 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் சாலை உங்கள் கியரையும் இருக்கையையும் உடுப்பையும் சோதித்துவிடும்.

இதைச் சனிக்கிழமை ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை செய்யுங்கள். திங்கட்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு எழுந்து, முழங்காலைப் பிடிக்காமல் படியிறங்கி வேலைக்குப் போக முடிந்தால், அடுத்த தை மாதம் நீங்கள் பெரிய சுற்றுக்குத் தயார். முடியாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் பழகுங்கள். அதற்குள் மலை எங்கும் போய்விடாது.